கடைசி உள்நுழைவு நேரம்: டைரக்டரி சர்வரில் எங்கே, எவ்வளவு துல்லியமாகப் பதிவது?

தணிக்கைக்கு வருபவர்கள், நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருந்து கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் டைரக்டரி சர்வரைப் பராமரிப்பவரிடம் தவறாமல் கேட்பது, 90 நாட்களாக எவரும் பயன்படுத்தாத கணக்குகளின் பட்டியல். கேள்வி எளிமையானது. ஆனால் ஒரு கணக்கு எப்போது உருவாக்கப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என்பவற்றைத் தாமாகவே குறித்துக்கொள்ளும் எல்டாப் (டைரக்டரியைக் கேட்பதற்கான பொது நெறிமுறை) சர்வர்களில் பல, அதன் உரிமையாளர் கடைசியாக எப்போது கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வந்தார் என்பதை, நாம் கேட்டுக்கொண்டாலொழியக் குறித்துவைப்பதில்லை. அதற்கான வழிகள் பல உண்டு. அவற்றுள் எதை எடுப்பது என்பதை, சர்வரின் பெயரைவிட, நாம் தெரிந்துகொள்ள விரும்புவது எது என்பதே தீர்மானிக்கிறது.

மொரீசியஸில் நமக்குப் பழக்கமான ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு இவ்வழிகளை ஒப்பிடுகிறேன். எபேனில் தலைமை அலுவலகம். தெற்கே ஒரு சர்க்கரை ஆலை. ரோட்ரிக்ஸ் தீவில் ஒரு சிறு கிளை. கணக்குகள் 1,200 என்று வைத்துக்கொள்வோம். எபேனில் ஒன்றையொன்று நகலெடுக்கும் இரண்டு முதன்மைச் சர்வர்களும், ரோட்ரிக்ஸில் வாசிப்புக்கு மட்டுமான ஒரு நகல் சர்வரும் இயங்குகின்றன. மின்னஞ்சல், விபிஎன், சம்பள மென்பொருள் மூன்றும் இந்த டைரக்டரியைக் கேட்டே ஆளை அடையாளம் காண்கின்றன.

இத்தகைய இடத்தில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இந்தக் கணக்கு கைவிடப்பட்டதா என்பது ஒன்று. இன்ன நாளில் இன்ன நேரத்தில் இந்தக் கணக்கில் நுழைந்தது எங்கிருந்து என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரு நாள் முன்பின்னாக இருந்தாலும் போதும். ஆனால் விடை எப்போது கேட்டாலும் உடனே கிடைக்க வேண்டும். இரண்டாவதற்கு நொடிக் கணக்கு வேண்டும், முந்தைய உள்நுழைவுகளும் வேண்டும், தோற்றுப்போன முயற்சிகளும் வேண்டும். ஒரே பண்புக்கூறை (கணக்கின் பதிவிலுள்ள ஒரு தகவல் புலத்தை) வைத்து இரண்டுக்கும் விடை சொல்ல முயலும்போதுதான் சர்வர் திணறுகிறது, அறிக்கையும் பொய்க்கிறது.

வழிகளுக்குள் போகுமுன், எதை உள்நுழைவு என்று கொள்வது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இந்தப் பொருளில் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டைரக்டரி சர்வருக்குத் தெரிவது, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத் தன்னிடம் அடையாளம் காட்டும் பைண்ட் என்னும் செயல் ஒன்றே. ஆலை வாசலில் பெயர் எழுதும் காவலாளியைப் போல, அது வந்தவரைக் குறிக்குமே தவிர, உள்ளே அவர் என்ன செய்தார், எப்போது வெளியேறினார் என்பதை அறியாது. பின்வாசலால் வந்தவரையும் அறியாது. ஒருவர் எஸ்எஸ்எச் சாவியைக் கொண்டு லினக்ஸ் சர்வருக்குள் போனால், அவர் பெயரில் பைண்ட் நடப்பதில்லை. எஸ்எஸ்எஸ்டி (டைரக்டரிக் கணக்கைக் கொண்டு லினக்ஸில் நுழையவிடும் நிரல்) நிறுவிய மடிக்கணினி வலையமைப்புக்கு வெளியே இருக்கும்போது, அதிலேயே சேமித்துவைத்த கடவுச்சொல் அடையாளத்தைக் கொண்டு ஆளை உள்ளே விட்டுவிடும். ஒற்றை உள்நுழைவுச் சேவை ஒன்றை முன்னால் நிறுத்தியிருந்தால், ஒருமுறை பைண்ட் செய்த பின், அதன் அமர்வு காலாவதியாகும் வரையில் டைரக்டரியை எவரும் கேட்கப்போவதில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நீண்ட விடுப்பில் இருக்கும் ஒருவரின் கைபேசி கால் மணிக்கு ஒருமுறை மின்னஞ்சலைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தால், ஆள் விசைப்பலகையைத் தொட்டே மாதக்கணக்கானாலும், டைரக்டரியின் கண்ணுக்கு அவர் கால் மணிக்கு முன்புதான் வந்தவராகத் தெரிவார். ஆகவே கீழே சொல்லப்படும் எந்த வழியை எடுத்தாலும், கிடைப்பது பைண்ட் நேரமே என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. மனிதவளத் துறையினர் அதை வருகைப் பதிவாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து அப்போதுதான் குறையும்.

முதல் வழி, கணக்கின் பதிவிலேயே நேரத்தை எழுதுவது. திறமூல டைரக்டரி சர்வரான ஓப்பன்எல்டாப்பின் 2.4 தலைமுறையில் இதற்கு லாஸ்ட்பைண்ட் என்ற துணைக்கூறு இருந்தது. அது மூலநிரலின் பங்களிப்புப் பகுதியில் கிடந்ததால் தனியே தொகுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. வெற்றிகரமான ஒவ்வொரு பைண்டுக்குப் பிறகும் அது ஆத்-டைம்ஸ்டாம்ப் என்ற பண்புக்கூறில் நேரத்தை எழுதும். 2021-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து இந்த வசதி சர்வரின் மையத்துக்கே வந்துவிட்டது; தரவுத்தள அமைப்பில் லாஸ்ட்பைண்டை இயக்கினால் போதும், நேரம் பிடபிள்யூடி-லாஸ்ட்-சக்சஸ் என்ற பண்புக்கூறில் பதியும். இரண்டுமே செயல்பாட்டுப் பண்புக்கூறுகள் என்பதால், சாதாரணத் தேடலில் வெளிப்படா. பெயரைச் சொல்லியோ கூட்டல் குறியிட்டோ கேட்க வேண்டும். வசதியை இயக்கிவிட்டு, தேடிப் பார்த்து, ஒன்றும் பதியவில்லையே என்று குழம்புவோர் பெரும்பாலும் இதைக் கேட்க மறந்தவர்கள்தாம்.

இந்த வழியின் பெரிய நிறை, கேள்விக்கு ஒரே தேடலில் விடை கிடைப்பது. இன்ன தேதிக்கு முன் கடைசியாக வந்தவர்கள் என்று ஒரு வடிகட்டி எழுதினால் பட்டியல் வந்துவிடும். ஒருமுறைகூட உள்நுழையாதவருக்கு இப்பண்புக்கூறே இருக்காது என்பதால், அது இல்லாதவர்களையும் தனி வடிகட்டியால் கேட்டு, கணக்கு உருவான தேதியோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். நேற்றுச் சேர்ந்தவரும் ஐந்தாண்டுகளாக எட்டிப் பார்க்காதவரும் இந்த இரண்டாம் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள்.

குறை என்னவென்றால், வாசிப்பாக இருந்த ஒரு செயல் எழுத்தாக மாறிவிடுகிறது. டைரக்டரி சர்வர்கள் வாசிப்புக்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஓப்பன்எல்டாப்பின் எம்டிபி தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்கலாம். எழுதுபவர் ஒருவர் மட்டுமே. மேலே சொன்ன 1,200 பேரின் கைபேசிகளும் கால் மணிக்கு ஒருமுறை பைண்ட் செய்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 96, மொத்தம் 1,15,200 எழுத்துகள். எபேனின் இரண்டு முதன்மைச் சர்வர்களும் ஒன்றையொன்று நகலெடுப்பதால், ஒன்றில் நடந்த ஒவ்வொரு எழுத்தும் மற்றதற்கும் போக வேண்டும். எவருடைய தகவலும் உண்மையில் மாறாத ஒரு நாளில் இத்தனை மாற்றங்கள்.

இதற்கு மருந்தாக இருப்பது துல்லிய அளவு. பழைய துணைக்கூறிலும் 2.6 பதிப்பின் மைய வசதியிலும், இத்தனை நொடிகள் கடந்திருந்தால் மட்டும் நேரத்தைப் புதுப்பி என்று சொல்லும் அமைப்பு உள்ளது. அதை 86,400 நொடிகள், அதாவது ஒரு நாள், என்று வைத்தால், எத்தனை பைண்டுகள் நடந்தாலும் ஆளுக்கு ஒரு நாளில் ஓர் எழுத்துக்கு மேல் நடக்காது. 1,15,200 என்பது 1,200-ஆகச் சுருங்கிவிடும். 90 நாள் கேள்விக்கு ஒரு நாள் பிழை ஒரு பொருட்டே அல்ல. என் கருத்தில், இந்த அளவைக் குறிப்பிடாமல் லாஸ்ட்பைண்டை இயக்குவது, கேட்காத கேள்விக்கு விலை கொடுப்பதாகும்.

நகல் சர்வர் விஷயத்தில் மட்டும் துல்லிய அளவு உதவாது. ரோட்ரிக்ஸ் கிளையினர் தங்கள் தீவிலுள்ள நகலில்தான் பைண்ட் செய்கிறார்கள். அந்த நகல் வாசிப்புக்கு மட்டுமானது என்பதால், நேரத்தைத் தனக்குள் மட்டும் எழுதிக்கொள்ளும். அது எபேனுக்குத் திரும்பி வராது. எபேனில் எடுத்த அறிக்கையை மட்டும் நம்பிக் கணக்குகளை முடக்கினால், நாள் தவறாமல் வேலை செய்யும் ஒரு கிளை முழுவதும் ஒரே காலையில் வெளியே நிற்க நேரிடும். தீர்வு இரண்டு. நகலில் நடக்கும் புதுப்பிப்பை, செயின் துணைக்கூறின் உதவியோடு முதன்மைச் சர்வருக்கு அனுப்பிவைக்கலாம். அல்லது மூன்று சர்வர்களையும் தனித்தனியே கேட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் கிடைத்தவற்றுள் மிக அண்மைய நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

2019-இல் மார்ஸ் கடலடிக் கேபிள் வந்த பிறகு ரோட்ரிக்ஸுடனான தொடர்பு செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த காலத்தைப் போல இல்லை. ஆயினும் ஓர் அறிக்கைக்காக, தீவில் நடக்கும் உள்நுழைவைக் கடல் கடந்த ஓர் எழுத்தோடு கட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புயல் நாளில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று சோதித்துக்கொண்டிருப்பதைவிட, மாதம் ஒருமுறை ஒரு சிறு ஸ்கிரிப்ட் மூன்று சர்வர்களையும் கேட்டுவருவது எளிது.

மற்றொரு திறமூலச் சர்வரான 389 டைரக்டரி சர்வரைப் பயன்படுத்துவோருக்கு அக்கவுண்ட் பாலிசி என்ற செருகுநிரல் உள்ளது. எவரையும் முடக்காமல் எல்லோருடைய உள்நுழைவையும் லாஸ்ட்லாகின்டைம் என்ற பண்புக்கூறில் பதியுமாறு அதைப் பணிக்கலாம். அந்தப் பண்புக்கூறை நகலாக்கத்திலிருந்து விலக்கிவைக்கவும் வழி உண்டு. கணக்கை முடக்கும் வேலையும் இதே செருகுநிரலிடம் இருப்பதால், இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. லாஸ்ட்லாகின்டைம் இல்லாத கணக்குக்கு எந்த நேரத்தைப் பார்ப்பது என்ற மாற்று அமைப்பில், கணக்கு உருவான நேரம் குறிக்கப்பட்டிருந்தால், முடக்கும் விதியைப் புதிதாக இயக்கிய அன்றே, வரம்பைவிடப் பழைய கணக்குகள் எல்லாம் செயலற்றவையாகக் கருதப்பட்டு முடங்கிவிடும். நேற்றுவரை அவை பயன்பட்டன என்பது சர்வருக்குத் தெரியாது. எனவே முதலில் பதிவை மட்டும் இயக்கி, எல்லோருக்கும் ஒரு நேரம் சேரும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே வரம்பைப் போட வேண்டும். 389-இன் மேல் கட்டப்பட்ட ஃப்ரீஐபிஏவில் கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு நெறிமுறை வழியான கடைசி வெற்றி நேரத்துக்கென்று தனிப் பண்புக்கூறு இருந்தும், எழுத்துச் சுமையைத் தவிர்ப்பதற்காகவே புதிய நிறுவல்களில் அது பதியப்படாதவாறு விடப்பட்டிருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இந்த இடறலை வேறு விதமாகத் தீர்த்தது. அதில் இரண்டு பண்புக்கூறுகள் உள்ளன. லாஸ்ட்லாகான் என்பது ஒவ்வொரு டொமைன் கண்ட்ரோலரிலும், அதாவது அதன் டைரக்டரி சர்வர் ஒவ்வொன்றிலும், தனித்தனியாக இருக்கும். துல்லியமானது, ஆனால் நகலாகாது. விண்டோஸ் சர்வர் 2003-உடன் வந்த லாஸ்ட்லாகான்-டைம்ஸ்டாம்ப் எல்லாக் கண்ட்ரோலர்களுக்கும் நகலாகும். ஆனால் இயல்பு அமைப்பில், ஏற்கெனவே உள்ள மதிப்பு 9 முதல் 14 நாட்கள் வரை பழையதாகும்வரை அது புதுப்பிக்கப்படுவதில்லை. 14 நாளிலிருந்து 5 நாள் வரையிலான ஒரு தற்செயல் அளவைக் கழித்துவிடுவதால், எல்லாக் கணக்குகளும் ஒரே நாளில் எழுதப்பட்டு நெரிசல் உண்டாவதும் தவிர்க்கப்படுகிறது. நேற்று உள்நுழைந்தவருக்கும் இரண்டு வாரப் பழைய தேதி காட்டலாம் என்பதே இதன் பொருள். 90 நாள் விதியை இந்தப் பண்புக்கூறின்மேல் வைப்பவர் வரம்பை 104 நாட்களாகக் கொள்வதே நியாயம். இன்னொரு வினோதமும் உண்டு. ஒரு பயனருக்கு ஒரு கோப்பின்மேல் என்ன உரிமை இருக்கிறது என்று நிர்வாகி சரிபார்ப்பது போன்ற சில செயல்கள்கூட, அப்பயனர் வராமலே இந்த நேரத்தைப் புதுப்பித்துவிடும். செத்த கணக்கு திடீரென உயிர்பெற்றது போலத் தெரிந்தால், முதலில் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் வழி, கணக்கின் பதிவைத் தொடாமல், சர்வர் தன் செயல்களை வரிவரியாக எழுதிவைக்கும் லாக்கிலிருந்து நேரத்தை எடுப்பது. ஓப்பன்எல்டாப்பில் லாக் நிலையை ஸ்டாட்ஸ் என்று வைத்திருந்தால், ஓர் உள்நுழைவுக்கு முக்கியமாக மூன்று வரிகள் கிடைக்கும்: இணைப்பு எண்ணோடு எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பது ஒரு வரி, அதே இணைப்பு எண்ணில் எந்தப் பெயரில் பைண்ட் கோரப்பட்டது என்பது அடுத்த வரி, விளைவு என்ன என்பது மூன்றாம் வரி. விளைவுக் குறி 0 என்றால் வெற்றி. 49 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. எங்கிருந்து என்பதும், எத்தனை முறை தோற்றது என்பதும் இங்கே மட்டுமே ஒன்றாகக் கிடைக்கின்றன. மின்னஞ்சல் சர்வர் வழியாக வந்தவருக்கு மின்னஞ்சல் சர்வரின் முகவரியே தெரியும் என்பதால், அந்தச் சர்வரின் லாக்கையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

சர்வரில் எழுத்துச் சுமை இல்லை, நகலாக்கத்தில் நெரிசல் இல்லை, ரோட்ரிக்ஸ் உட்பட எல்லாச் சர்வர்களின் வரிகளும் ஒரே மைய லாக் சர்வருக்கு வந்து சேரும். குறைகளும் சிறியவை அல்ல. மூன்று வரிகளை இணைப்பு எண்ணைக் கொண்டு கோக்கும் நிரல் ஒன்றை எழுதிப் பராமரிக்க வேண்டும். லினக்ஸில் லாக் வரிகளைச் சேகரிக்கும் ஜர்னல்டி தன் இயல்பு அமைப்பில் ஒரு சேவைக்கு 30 நொடிக்கு 10,000 வரிகள் என்ற அளவில் கட்டுப்பாடு வைத்திருப்பதால், காலை நெரிசலில் சில வரிகள் விழுந்துபோகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, லாக் சுழற்சியில் அழிந்ததோடு விடையும் அழிந்துவிடும். 60 நாள் லாக் வைத்திருப்பவரால் 90 நாள் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஆக்சஸ்லாக் துணைக்கூறு நிற்கிறது. பைண்டுகளைத் தனித் தரவுத்தளம் ஒன்றில், எல்டாப் தேடலாலேயே கேட்கக்கூடிய பதிவுகளாக அது சேமிக்கும். இத்தனை நாளைக்கு மேற்பட்டவற்றை நீக்கு என்றும் சொல்லலாம். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு பைண்டும் மறுபடியும் ஓர் எழுத்தாகிறது, அதுவும் துல்லிய அளவின் தயவு இல்லாமல். டெல்டா நகலாக்கத்துக்காக (மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறை) ஏற்கெனவே ஓர் ஆக்சஸ்லாக் இருக்கும் இடத்தில் பைண்டுகளையும் அதிலேயே கொட்டுவது கூடவே கூடாது.

பெயரில் ஒத்திருப்பதால் ஆடிட்லாக் துணைக்கூறை நாடுவோரும் உண்டு. அது மாற்றங்களை மட்டும் எழுதுவது, பைண்டுகளை அறியாது.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. இந்தப் பண்புக்கூறுகளில் பதிவது உலகப் பொது நேரம். மொரீசியஸும் ரோட்ரிக்ஸும் அதற்கு 4 மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அரைவைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடும்போது, திங்கட்கிழமை அதிகாலை 2 மணிக்கு வேலைக்கு வந்தவரின் உள்நுழைவு, பதிவில் ஞாயிறு இரவு 10 மணி என்று இருக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் அதுவும் இல்லை. 1601-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் 100 நானோநொடிகளாக எண்ணிய ஒரு நீண்ட எண் மட்டும் இருக்கும். அறிக்கையை மேலாளரிடம் கொடுக்குமுன் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவது வீண் விசாரணைகளைத் தவிர்க்கும்.

கணக்கைத் தானாக முடக்குவதா என்பது அடுத்த தேர்வு. ஓப்பன்எல்டாப்பின் கடவுச்சொல் கொள்கையில், லாஸ்ட்பைண்ட் இயங்கும்போது, இத்தனை நொடிகள் பயன்படாத கணக்கை ஏற்காதே என்று சொல்லும் வரம்பு உண்டு. அலுவலகம் மட்டும் உள்ள நிறுவனத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். நம் எடுத்துக்காட்டில் ஆலை இருக்கிறது. கரும்பு வெட்டு ஏறத்தாழ ஜூனில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பருவத்துக்கு மட்டும் வரும் ஊழியர்கள் அதற்குப் பின் ஐந்தாறு மாதம் டைரக்டரியின் பக்கம் வருவதே இல்லை. எல்லோருக்கும் 90 நாள் என்று ஒரே வரம்பை வைத்தால், ஆலை மறுபடி ஓடத் தொடங்கும் வாரத்தில், ஆள் மிகவும் தேவைப்படும் நேரத்தில், உதவி மையத்தில் வரிசை நிற்கும். அவர்களுக்கென்று வரம்பை ஏழு மாதமாக நீட்டிய தனிக் கொள்கையை இணைக்கலாம். ஆனால் அரை ஆண்டு ஆளில்லாமல் திறந்து கிடக்கும் கணக்கு பாதுகாப்புக்கு உகந்ததல்ல. பருவம் முடிந்ததும் மனிதவளத் துறையின் பட்டியலைக் கொண்டு முடக்கிவைத்து, அடுத்த பருவத்துக்கு முந்தைய வாரம் திறப்பதே சரி. உள்நுழைவு நேரம் இங்கே தீர்ப்பு வழங்கத் தேவையில்லை, பட்டியலில் விடுபட்டவரைக் காட்டிக்கொடுத்தால் போதும்.

சேவைக் கணக்குகளை இந்தக் கணக்கெடுப்பிலேயே சேர்க்கக் கூடாது. சம்பள மென்பொருளின் கணக்கு ஒருமுறை பைண்ட் செய்து அதே இணைப்பை வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். ஆண்டு முடிவில் மட்டும் ஓடும் நிரலின் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். இவற்றைத் தனிக் கிளையில் வைத்து, பொறுப்பாளர் பெயரை எழுதி, கையால் சரிபார்ப்பதற்கு மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சட்டமும் தேர்வைத் தொடுகிறது. 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள மொரீசியஸின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரை அடையாளம் காட்டும் தகவல் எதுவும் தனிப்பட்ட தரவே; தேவைக்கு மேல் அதைச் சேர்க்கவோ வைத்திருக்கவோ கூடாது. பதிவில் ஒரே ஒரு தேதியை வைத்து, புதியது வரும்போது பழையதை அழிக்கும் முதல் வழி இந்த நோக்கில் மிகச் சிக்கனமானது. ஓர் ஊழியர் ஆண்டு முழுவதும் எந்நேரம் எங்கிருந்து நுழைந்தார் என்று காட்டும் லாக் அப்படி அல்ல. அதை எத்தனை நாள் வைப்பது, யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் முடிவு செய்துகொண்டே தொடங்க வேண்டும். முதல் வழியிலும், அந்தப் பண்புக்கூறை எல்லோரும் வாசிக்க முடியாதபடி அணுகல் விதியில் மூடிவைப்பது அவசியம். சக ஊழியர் எப்போது வந்தார் என்று பார்க்கும் ஆவல் எல்லா அலுவலகங்களிலும் உண்டு.

இந்த 1,200 கணக்குகளுக்கு நான் பரிந்துரைப்பது, ஒரு நாள் துல்லியத்தோடு மூன்று சர்வர்களிலும் லாஸ்ட்பைண்ட். மாதம் ஒருமுறை மூன்றையும் கேட்டு அண்மைய நேரத்தை எடுக்கும் ஸ்கிரிப்ட். பாதுகாப்பு விசாரணைக்காக மட்டும், மைய லாக் சர்வரில் ஆறு மாத ஸ்டாட்ஸ் லாக். ஆக்சஸ்லாக் வேண்டாம். தானியங்கி முடக்கம் எபேன் அலுவலகக் கணக்குகளுக்கு மட்டும் போதும், அதையும் உடனே இயக்க வேண்டியதில்லை. லாஸ்ட்பைண்டை ஜூனுக்கு முன் இயக்கிவிட்டால் ஒரு முழு அரைவைக் காலமும் அதற்குப் பின் வரும் டிசம்பர் விடுமுறையும் பதிவில் வந்துவிடும். யார் எத்தனை நாள் வராமல் இருப்பது இயல்பு என்பது அதற்குள் பட்டியலில் தெரிந்துவிடும், வரம்பு 90 நாளா 120 நாளா என்பதை ஜனவரியில் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.